கப்பு சுற்றிய கணக்கு

ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குள் மெமரி கார்டு சென்னைக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். 2004இல் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று எனக்குச் சொன்ன முதல் விஷயம் அதுதான். கயத்தாறு பக்கம் ஒரு மேட்டு நிலம். அதன் நடுவில் காற்றை அளக்க 50 மீட்டர் உயரத்துக்கு, ஏறிப் போகிற மாதிரியான இரும்புச் சட்டக் கம்பம். நாலு பக்கமும் ஸ்டே கம்பி இழுத்துக் கட்டியிருக்கும். கம்பத்தின் இடுப்பில் பூட்டுப் போட்ட ஒரு சின்னப் பெட்டி. நான் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: பெட்டியைத் திறப்பேன், பழைய கார்டை எடுத்து உறையில் போட்டுத் தேதியும் மணியும் எழுதுவேன், புதியதைச் செருகுவேன், காற்றில் சுற்றி வேகத்தை அளக்கும் எல்லாக் கப்பும் எண் காட்டுகிறதா என்று பார்ப்பேன், பூட்டிவிட்டு கூரியருக்குப் போவேன்.

ஆனி, ஆடியில் போனால் அந்தப் பெட்டியைத் திறப்பதே பாடு. மேல்காற்று முகத்தில் மண்ணை வாரி அடிக்கும். ஸ்டே கம்பிகள் ஊளையிடும். பேச்சுக் கேட்காது.

கம்பத்துக்குக் காவல் இருந்தவர் பக்கத்து ஊர்ப் பெரியவர். ஆடு மேய்ப்பது அவர் தொழில். அந்த மேட்டில்தான் ஆடுகள் மேயும் என்பதால் காவலும் அவருக்கே கிடைத்தது. முதல் மாதமே என்னிடம் கேட்டார்.

"தம்பி, காத்தைப் பெட்டியில புடிச்சு என்ன செய்யப் போறிய?"

"படம் வரையப் போறாங்க தாத்தா. நாடு முழுக்க எங்க எவ்வளவு காத்து அடிக்குன்னு."

"காத்துக்கு ஏதுய்யா படம்?"

அப்போது என்னிடம் நல்ல பதில் இல்லை. அதற்குப் பிறகு பதினைந்து வருடம் காற்றுத் தரவோடுதான் என் பிழைப்பு ஓடியது. பாதி நாள் வெளியில், பாதி நாள் கணினி முன்னால். இன்று யார் வேண்டுமானாலும் கைப்பேசியில் உலகக் காற்று வரைபடத்தைத் திறந்து, தன் ஊர்மேல் விரலை வைத்துப் பார்க்கலாம். நீலத்திலிருந்து சிவப்பு வரை அழகாக நிறம் போட்டிருக்கும். அந்த நிறத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்ததை எழுதி வைக்கத் தோன்றுகிறது.

முதலில் ஒரு கணக்கு. காற்றின் வேகம் கூடினால் அதிலுள்ள ஆற்றல் அதே அளவுக்குக் கூடுவதில்லை, வேகத்தின் மும்மடிக்குக் கூடும், அதாவது வேகத்தை மூன்று தரம் எழுதிப் பெருக்குகிற அளவுக்கு. நொடிக்கு 5 மீட்டர் என்றால் 125, 6 என்றால் 216, 7 என்றால் 343. வேகத்தில் 5க்கும் 7க்கும் இரண்டே மீட்டர்தான் வித்தியாசம். ஆற்றல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஒரு காற்றாலை லாபத்தில் ஓடுமா, கடனில் மூழ்குமா என்பது இந்த இரண்டு மீட்டருக்குள் முடிந்துவிடும். நம் கன்னத்துக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

அப்புறம், சராசரியை மட்டும் நம்பினால் ஏமாந்து போவோம். ஓர் ஊரில் எப்போதும் ஒரே சீராக நொடிக்கு 6 மீட்டர் அடிக்கிறது. இன்னோர் ஊரில் பாதி நேரம் 3, பாதி நேரம் 9. இரண்டுக்கும் சராசரி 6தான். ஆனால் மும்மடி எடுத்துப் பாருங்கள். முதல் ஊருக்கு 216. இரண்டாவது ஊருக்கு 27ஐயும் 729ஐயும் கூட்டிப் பாதியாக்கினால் 378. நம் பக்கம் இரண்டாவது வகை. வைகாசி முதல் புரட்டாசி வரை மொத்தமாகக் கொட்டிவிட்டு, மீதி மாதங்களில் சும்மா கிடக்கும். அதனால்தான் பெட்டிக்குள் இருக்கும் லாகர் என்ற பதிவுக் கருவி மாதச் சராசரியோடு நிற்பதில்லை. நொடிக்கொரு தரம் கப்பைப் படித்து, பத்து நிமிடத்துக்கு ஒரு வரி எழுதும். ஒரு நாளைக்கு 144 வரி. ஒரு வருடத்துக்கு ஐம்பத்திரண்டாயிரத்துச் சொச்சம். காற்றின் படம் என்பது இந்த வரிகள்தான் என்று அந்தத் தாத்தாவிடம் அன்றே சொல்லியிருக்கலாம்.

இந்தியாவில் இந்த வேலைக்கு அடித்தளம் போட்டவர் ஒரு பெண். அன்னா மணி. 1918இல் திருவிதாங்கூரின் பீர்மேட்டில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டு, பெங்களூரில் சி. வி. ராமனின் ஆய்வுக்கூடத்தில் வைரமும் மாணிக்கமும் ஒளியை எப்படிக் கையாளுகின்றன என்று ஆராய்ந்தார். ஆய்வேடும் எழுதினார். முதுகலைப் பட்டம் இல்லை என்று சொல்லி முனைவர் பட்டம் தர மறுத்துவிட்டார்கள். 1945இல் லண்டனுக்குப் போனார். அங்கே கற்றுக்கொண்டது வானிலைக் கருவிகளைப் பற்றி. 1948இல் திரும்பி வந்து இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த கருவிகளை இங்கேயே செய்ய வேண்டும் என்று ஏறக்குறைய நூறு கருவிகளுக்கு வரைபடம் போட்டுத் தரப்படுத்தினார். தவறான அளவீட்டைவிட அளக்காமல் இருப்பதே மேல் என்பது அவருடைய கொள்கை. இந்தத் தொழிலில் இருக்கும் யாரும் கண்ணில் படும்படி எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம் அது.

1976இல் பணி ஓய்வு பெற்ற பிறகுதான் காற்றாற்றலுக்கு வந்தார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கும். அறுபதைத் தாண்டிய வயதில் நாடு முழுக்கக் காற்றை அளக்கும் பெரிய வேலை. 1980களின் தொடக்கத்தில், வானிலை நிலையங்களில் இருந்த பழைய பதிவுகளை எல்லாம் திரட்டி ஒரு தரவுத் தொகுதி கொண்டுவந்தார். அதிலேயே ஒரு சிக்கலும் தெரிந்தது. வானிலை நிலையங்கள் காற்றை அளப்பது 10 மீட்டர் உயரத்தில். நிலையங்கள் இருப்பதும் பெரும்பாலும் ஊருக்குள், விமான நிலையங்களில். காற்றாலைக் காத்தாடி வைக்க வேண்டிய மேடுகளிலும் கணவாய் வாய்களிலும் அளந்தவர் யாரும் இல்லை. அதனால் அதற்கென்றே தனியாகக் கம்பங்கள் நட்டார்கள். முதலில் 20, 25 மீட்டர் கம்பங்கள். அவற்றின் பதிவுகள் 1990களில் தொகுதி தொகுதியாக அச்சாகி வந்தன. பக்கம் பக்கமாக வெறும் எண் அட்டவணைகள். 1998இல் சென்னை பள்ளிக்கரணையில் காற்றாலைத் தொழில்நுட்பத்துக்கென்று தேசிய அளவில் ஒரு மையம் வந்தபோது, அது தொடங்கியது வெறுங்கையோடு அல்ல. இந்த அட்டவணைகள் இருந்தன.

நம் பக்கம் காற்று ஏன் இப்படி அடிக்கிறது என்பதற்குக் கருவியே தேவையில்லை, மலையைப் பார்த்தாலே போதும். மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு மதில் மாதிரி நிற்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று வந்து அதில் முட்டும். மதிலில் நாலைந்து வாசல்தான். பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி. அகலமான ஆறு குறுகின பாலத்துக்கு அடியில் சீறிப் பாய்கிற மாதிரி, அந்த வாசல்களில் காற்று சீறிக்கொண்டு வரும். ஆரல்வாய்மொழியைத் தாண்டி வருகிறவர்கள் சாலையோர மரங்களைப் பார்த்தால் தெரியும். கிளை எல்லாம் கிழக்கே வழிந்து, தலைவாரி விட்ட மாதிரி நிற்கும். வெளிநாட்டில் இதற்கு ஓர் அளவுகோலே வைத்திருக்கிறார்கள். மரம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை வைத்து ஆண்டுச் சராசரிக் காற்றை மதிப்பிடுவார்கள். எங்கள் கம்பத்துக் காவல் தாத்தா ஆட்டுப்பட்டியின் வாசலைக் கிழக்கே பார்த்து வைத்திருந்தார். அவரிடமும் ஒரு காற்றுப்படம் இருந்திருக்கிறது.

1986இல் தொடங்கி 1993 வரை மின்வாரியம் முள்ளக்காடு, கயத்தாறு, முப்பந்தல் போன்ற இடங்களில் பரிசோதனையாக 120 காத்தாடிகளை நிறுவியது. 120ம் சேர்ந்தே 20 மெகாவாட் வராது. இன்றைய பெரிய காத்தாடிகளில் ஏழு வைத்தால் அது வந்துவிடும். ஆனால் அந்த 120தான் தனியார் பணத்தை இந்தப் பக்கம் கூட்டிவந்தது.

இனி, என் கையில் பட்ட ஒரு தவற்றைச் சொல்ல வேண்டும்.

எங்கள் கம்பத்தில் 10, 30, 50 மீட்டர் உயரங்களில் கப்புகள் இருந்தன. கப்பு என்று நாங்கள் சொல்வது ஒரு பெரிய எலுமிச்சம்பழத்தைப் பாதியாக வெட்டிக் குடைந்த மாதிரி மூன்று கறுப்புக் கிண்ணங்கள், ஒரு அச்சில் சுற்றுவது. கம்பத்திலிருந்து நீட்டிய இரும்புக் கையின் நுனியில் இருக்கும். அந்தக் கை எந்தத் திசையில் நீண்டிருக்கிறது என்பதே பெரிய விஷயம். மேற்கிலிருந்து காற்று வரும் இடத்தில் கையைக் கிழக்கே நீட்டினால், கப்பு கம்பத்தின் மறைவில் போய்விடும். கையின் திசையைக் குறிக்கக் காந்தத் திசைகாட்டியைக் கம்பத்துக்கு அருகில் வைத்தால் இரும்பு அதை இழுத்துப் பொய் சொல்ல வைக்கும். முப்பது அடி தள்ளிப்போய் நின்றுதான் பார்க்க வேண்டும். இதெல்லாம் எனக்கு ஒரு மூத்த ஃபிட்டர் அண்ணன் சொல்லிக்கொடுத்தது. எந்தக் கையேட்டிலும் நான் படித்ததில்லை.

இரண்டாவது வருட சீசனுக்கு முன்னால் 50 மீட்டர் கப்பு பழுதாகி, வேறொன்று மாட்டினோம். ஒவ்வொரு கப்பையும் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்து ஒரு சான்றிதழ் தருவார்கள். ஒரு நொடிக்கு இத்தனை சுற்று என்றால் இத்தனை மீட்டர் வேகம் என்று அந்தக் கப்புக்கே உரிய இரண்டு எண்கள் அதில் இருக்கும். லாகரில் அந்த எண்களை மாற்ற வேண்டும். மாற்றவில்லை. புதுக் கப்பு வேறு மாடல். பழைய எண்களே ஓடிக்கொண்டிருந்தன, ஏழு மாதம். முழு சீசனும் அதில் போய்விட்டது.

சென்னையில் தரவு பார்த்த அக்காதான் கண்டுபிடித்தார். "உங்க கம்பத்துல உச்சியில காத்து கம்மியா வருதே, ஏன்?" என்று போனில் கேட்டார். தரையும் மரமும் செடியும் வீடும் காற்றைப் பிடித்து இழுக்கும். உயரப் போகப் போக அந்தப் பிடி தளரும். 30 மீட்டரில் 6 என்றால் 50 மீட்டரில் 6.4 பக்கம் வர வேண்டும். எங்களுடையதில் 6.1தான். விடியற்காலை காற்று அடங்கியிருந்த நேரத்தில் இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு மேலே ஏறினேன். கப்பின் கழுத்தில் இருந்த வரிசை எண்ணைப் படித்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டு இறங்கினேன். பதிவேட்டில் அந்த எண் இல்லை. சான்றிதழும் கிடைக்கவில்லை.

வேகத்தில் 5 விழுக்காடு குறை. மும்மடி போட்டால் ஆற்றலில் 14 விழுக்காடு பக்கம். நான் வேலை பார்த்த நிறுவனம் அந்த ஏழு மாதத்தை எந்தக் குறிப்பும் இல்லாமல் அறிக்கையில் சேர்த்துத்தான் அனுப்பியது. அந்த மேடு ஒரு படத்தில் ஏழையாகப் பதிவாகிவிட்டது. கப்பு மாற்றிய அன்று லாகர் முன்னால் நின்றவன் நான். இரண்டு எண்களைத் தட்டியிருந்தால் முடிந்திருக்கும். இன்றும் அது எனக்கு வருத்தம்தான்.

ஒரு கம்பத்தை வைத்து ஒரு வட்டாரத்தையே எப்படி வரைகிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. இதற்கான வழியை டென்மார்க்கின் ரிசோ ஆய்வுக்கூடத்தில் வகுத்தார்கள். 1989இல் ஐரோப்பாவின் காற்று வரைபடம் அப்படித்தான் வந்தது. கம்பத்தில் அளந்த காற்றிலிருந்து, பக்கத்து மரம், கட்டடம், மேடு இவை செய்த கெடுதலையும் உதவியையும் கணக்குப் போட்டு உரித்தெடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது அந்த வட்டாரத்தின் பொதுக்காற்று. பிறகு வேறோர் இடத்துக்குப் போய், அங்குள்ள மரத்தையும் மேட்டையும் அதன்மேல் போர்த்துவார்கள். சமவெளியில் இது நன்றாக வேலை செய்யும். கணவாய்க்குப் பக்கத்தில் தடுமாறும். அதனால் முழு வளிமண்டலத்தையும் கணினியில் ஓட்டிப் பார்க்கும் மாதிரிகளை இதோடு சேர்த்தார்கள். 2010இல் ரிசோவோடு சேர்ந்து சென்னை மையம் வெளியிட்ட இந்தியக் காற்று வரைபடம் அந்த வழியில் வந்தது. 100 மீட்டர் உயரத்துக்கான அடுத்த வரைபடம் 500 மீட்டருக்கு ஒரு புள்ளி என்று நாட்டையே கட்டம் கட்டியது. அதைச் சுமார் 1300 இடங்களில் நிஜமாக அளந்த தரவோடு ஒத்துப் பார்த்தார்கள். அந்த 1300 கம்பங்கள் இல்லையென்றால் கணினி சொன்னது சரியா தப்பா என்று கேட்க ஆளே இல்லை.

நாட்டின் காற்று வளம் என்று செய்தித்தாளில் வரும் எண்ணைப் பாருங்கள். 50 மீட்டர் உயரத்தில் 49 ஜிகாவாட். 80 மீட்டரில் 103. 100 மீட்டரில் 302. 120 மீட்டரில் 695. 150 மீட்டரில் 1164. இத்தனைக்கும் காற்று அதே காற்றுதான். கோபுரம் வளர்ந்தது, காத்தாடியின் இறக்கை நீண்டது, நிலத்தைக் கணக்கில் எடுக்கும் விதமும் மாறியது. தொடக்கத்தில், பெரும்பாலான மாநிலங்களுக்கு நிலத்தில் 2 விழுக்காடு கிடைக்கும் என்று பொத்தாம்பொதுவாக வைத்தார்கள். 100 மீட்டர் வரைபடத்தில் நிலத்தின் தன்மையைச் செயற்கைக்கோள் தரவிலிருந்து எடுத்தார்கள்.

ராஜஸ்தானின் எண்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. 100 மீட்டரில் 19 ஜிகாவாட் பக்கம். 120 மீட்டருக்குப் போனதும் 128. 150இல் 284. தமிழ்நாடு அதே உயரங்களில் 34, 69, 95 என்று நிதானமாக ஏறுகிறது. ராஜஸ்தானில் ஏராளமான நிலம், காற்றாலைக்குத் தேறும் எல்லைக்கு ஒரு மயிரிழை கீழே கிடந்திருக்கிறது. கோபுரம் இருபது மீட்டர் உயர்ந்ததும் மொத்தமாக எல்லையைத் தாண்டிவிட்டது. இங்கேதான் சின்னப் பிழையும் பெரிதாகும். வேகத்தில் சில விழுக்காடு தப்பினால், ஒரு மாவட்டமே உள்ளே வரும் அல்லது வெளியே போகும். எங்கள் கம்பத்தில் நடந்ததை நினைத்துக்கொண்டுதான் இந்த எண்களைப் படிக்கிறேன்.

நிலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த 302 ஜிகாவாட்டில் பாதிக்கு மேல், 153, தரிசு நிலத்தின் கணக்கில் வருகிறது. சாகுபடி நிலத்தில் 146. காட்டில் 3 சொச்சம். எங்கள் மேடும் வரைபடத்தில் தரிசுதான். அங்கே அறுபது எழுபது ஆடுகள் மேய்ந்தன. ஐப்பசியில் மழை பெய்தால் புல் முழங்கால் வரை வரும். ராஜஸ்தானின் ஜெய்சல்மேரில் வரைபடம் காலி என்று காட்டிய இடங்களில் கானமயில் என்ற அரிய பறவைகள் இருக்கின்றன. மின்கம்பிகளில் மோதிச் சாகின்றன என்று வழக்குப் போய், 2021இல் உச்ச நீதிமன்றம் கம்பிகளை மண்ணுக்கடியில் கொண்டுபோகச் சொன்னது. 2024இல் அதைத் தளர்த்தியது. காற்றைப் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் அளக்கிறோம். நிலத்தை யார் பயன்படுத்துகிறார்கள் என்பதையும் பருவத்துக்கு ஒரு தரமாவது போய்ப் பார்த்துக் குறித்தால்தான் என் கணக்கில் அது வரைபடம். காற்றாலை வேண்டும் என்று முழுமனதாக நினைக்கிறவன் நான். அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

2025 மார்ச்சில் நாட்டின் காற்றாலைத் திறன் 50 ஜிகாவாட்டைத் தொட்டது. நம் ஊரில் இப்போது பேசப்படுவது பழைய காத்தாடிகளைக் கழற்றுவது பற்றி. முதலில் வந்தவர்கள் நல்ல காற்றுள்ள இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஆரல்வாய்மொழி வாயிலேயே இன்னும் 225, 250 கிலோவாட் காத்தாடிகள் நெருக்கி நிற்கின்றன. இவற்றை எடுத்துவிட்டுப் பெரியதை வைக்க 2024இல் மாநில அரசு கொள்கை வகுத்தது. அதற்கும் புதிதாக அளக்க வேண்டும். 50 மீட்டர் கம்பத்தின் பதிவை வைத்து 140 மீட்டர் கோபுரத்துக்குக் கடன் வாங்க முடியாது. மன்னார் வளைகுடாவிலும் இதே கதைதான். கடல்மேல் நல்ல காற்று இருப்பது எல்லோருக்கும் தெரியும். எத்தனை என்று வங்கிக்குச் சொல்ல, கடலுக்குள் போய் அளந்தாக வேண்டும்.

போன ஆனியில் அந்தப் பக்கம் போயிருந்தேன். கம்பம் இல்லை. ஸ்டே கம்பிக்குப் போட்ட கான்கிரீட் கட்டைகள் மட்டும் புல்லுக்குள் கிடந்தன. கொஞ்சம் தள்ளி வேலி போட்டு லைடார் பெட்டி ஒன்று வைத்திருந்தார்கள். லேசர் ஒளியை மேலே அனுப்பி, தூசியில் பட்டுத் திரும்புவதை வைத்து 200 மீட்டர் வரை காற்றைப் படிக்கும். கம்பமும் இல்லை, கப்பும் இல்லை. பொறுப்பில் இருந்தது இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதிருக்கும் ஒரு பெண். நான் வேலியருகில் நின்றதைப் பார்த்து, "யாரு வேணும் சார்?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். பழைய கம்பத்தின் பதிவு எங்காவது கிடைக்குமா, ஒத்துப் பார்க்க உதவுமே என்று கேட்டார்.

"கிடைக்கும்மா. இரண்டாம் வருஷத்து ஏழு மாசம் மட்டும் எடுக்காதீங்க" என்றேன். ஏன் என்று கேட்டார். வேலிக்கு இந்தப் பக்கம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பையிலிருந்து நோட்டை எடுத்து, எந்த மாதம் தொடங்கி எந்த மாதம் வரை என்று தேதியோடு எழுதிக்கொண்டார்.